கவிழ்த்த தொட்டியின் மேல் ஒரு தாய்

நீங்கள் யாருடைய பிள்ளை என்று ஒருவர் உங்களை வழிமறித்துக் கேட்டால், வாய் ஒரு பெயரைச் சொல்வதற்கு முன்னால், உங்கள் நெஞ்சில் வந்து நிற்பது யாருடைய கை? பெற்றவளின் கையா, வளர்த்தவளின் கையா, கண்ணுக்கே தென்படாத ஏதோ ஒரு தெய்வத்தின் கையா? அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். டைபர் ஆற்றின் சதுப்புக்கு மேலே, பின்னொரு காலத்தில் ரோமாபுரி எழவிருந்த குன்றின் சரிவில், அன்று நாணல் வேய்ந்த மேய்ப்பர் குடிசைகள்தான் இருந்தன. அவற்றுள் ஒன்றில், அடுப்பில் வைத்த கூழ் கொதித்து இறங்குவதற்குள், லாரென்ஷியா என்ற பெண் இந்தக் கேள்வியை எப்படியெல்லாம் புரட்டிப் பார்த்தாள் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே ஓர் ஆட்டுத்தோல். தோலுக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட ஒரு மரத்தொட்டி. வெளியே பட்டியில் அவள் கணவன் ஃபாஸ்டுலஸ் அந்தத் தொட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தான். வைக்கோலைப் புரட்டும் ஓசையும், ஆடுகள் கலைந்து ஒன்றோடொன்று முட்டும் ஓசையும், இடையிடையே அவன் தனக்குத்தானே முணுமுணுக்கும் ஓசையும் மண்சுவர் வழியாக வந்துகொண்டிருந்தன. நேற்றுத் திருவிழாக் கூட்டத்தில், அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகளில் இளையவனான ரீமஸை நியூமிட்டர் என்ற பெரியவரின் ஆட்கள் மடக்கிப் பிடித்து, மாடு திருடினான் என்று பழி சுமத்தி, கையைப் பின்னுக்குக் கட்டி ஆல்பா நகருக்கு இழுத்துப் போய்விட்டார்கள். குற்றம் உறுதியானால் கழுத்துக்குக் கோடரி. அவனை மீட்க ஃபாஸ்டுலஸின் கையில் இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது இந்தத் தொட்டி. இதைத்தான் விடிந்ததும் விடியாததுமாக, அவன் ஆடுகளைத் திறந்துவிடப் போன நேரத்தில், லாரென்ஷியா கவிழ்த்துப் போட்டு, தோலை விரித்து, மேலே ஏறி அமர்ந்துகொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. உடம்பு முந்திக்கொண்டது, மனம் இப்போதுதான் பின்னால் ஓடி வந்து காரணம் தேடிக்கொண்டிருந்தது.

கூழ் குமிழியிட்டது. துடுப்பை வலம் சுழற்றினாள். அடிப்பிடிக்கும் வாசனை மெல்ல எழுந்ததும் இடம் சுழற்றினாள். மாடு திருடியதாகத்தானே சொல்கிறார்கள், அடித்து அனுப்பிவிடுவார்கள், எந்த ஊர் மேய்ப்பன் அடுத்தவன் மாட்டை ஓட்டாமல் இருந்திருக்கிறான், இரண்டு நாள் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, போடா என்று விரட்டிவிடுவார்கள், அதற்குப் போய்த் தொட்டியை எடுத்துக்கொண்டு, பழைய கதையை எல்லாம் கிளறிக்கொண்டு, என்று நினைத்தாள். நினைக்கும்போதே அது பொய் என்றும் தெரிந்தது. ரீமஸ் அடிவாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. கேட்ட கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்லுவான். பதில் சொல்லும்போது சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே வெட்டுவார்கள். துடுப்பு நின்றுவிட்டது. அவளுடைய இடது கை, அவள் ஏவாமலேயே, தோலுக்கு அடியில் புகுந்து தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. பல் முளைக்கும் காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கடித்த கடி. ரோமுலஸ் ஒரே இடத்தைப் பிடிவாதமாகக் கடித்தான். ரீமஸ் விளிம்பு முழுவதும் அலைந்து அலைந்து கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது யாருடைய பல் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏ புள்ள, தொட்டியப் பாத்தியா?" என்று பட்டியிலிருந்து குரல் வந்தது.

"எந்தத் தொட்டி?"

"எந்தத் தொட்டியா? நம்ம வீட்ல தொட்டி வரிசையா அடுக்கியா வெச்சிருக்கு? மாவு பிசையற தொட்டி!"

"பட்டியிலயே பாரு. பன்னி எதாவது இழுத்துட்டுப் போயிருக்கும்."

"தொட்டியப் பன்னி இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னா, அந்தப் பன்னியே சிரிக்கும்டி."

பன்றி சிரிக்குமா என்ற நினைப்பில் அவளுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. இந்த மனிதனிடம் இதுவரை எதையும் ஒளித்ததில்லை என்றே அவள் நம்பியிருந்தாள். ஒளிக்கும்படியாக அவன் நடந்துகொண்டதும் இல்லை. அவர்களுடைய முதல் பிள்ளை, வயிற்றிலேயே அடங்கிப்போன பிள்ளை, இந்த அடுப்புக்கு முன்னால்தான் தரையில் கிடந்தது. அந்த நாட்டு வழக்கம் அது: பிறந்த குழந்தையைத் தகப்பன் காலடியில் வெறுந்தரையில் கிடத்துவார்கள், அவன் குனிந்து எடுத்தால் அது அந்த வீட்டுப் பிள்ளை, எடுக்காமல் திரும்பிக்கொண்டால் அதற்கு வீடு கிடையாது, பெயர் கிடையாது, வெளியே கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான். மருத்துவச்சி சொன்னாள், மூச்சே இல்லாததை எதற்குத் தூக்குவது, துணியில் சுற்றிக் கொடு, புதைத்துவிடலாம் என்று. ஃபாஸ்டுலஸ் குனிந்தான். உயிருள்ள பிள்ளையை எடுப்பதுபோல் தலைக்குக் கீழே ஒரு கை கொடுத்து எடுத்தான். நெஞ்சுயரம் தூக்கி, கூரையைக் காட்டி, அடுப்பைக் காட்டி, அவளுடைய முகத்தைக் காட்டினான். பெயரும் வைத்தான். பிறகுதான் புதைத்தான். அந்தப் பெயரை அவர்கள் இருவரைத் தவிர இன்றுவரை யாரும் அறியமாட்டார்கள். தூக்கிய கை அது. அந்தக் கை இப்போது வைக்கோலுக்குள் தொட்டியைத் தேடித் துழாவிக்கொண்டிருக்கிறது. நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்பில் பால் கட்டி நெருப்பாய்க் கொதித்த நாட்கள் அவை. ஆறு பெருகி வடிந்த ஒரு நாள் ஃபாஸ்டுலஸ் சேறும் சகதியுமாக வந்தான். தோளில் இந்தத் தொட்டி. தொட்டிக்குள் இரண்டு உயிர்கள். அத்திமரத்து வேரில் தொட்டி தட்டி நின்றது என்றான்; ஒரு பெண் ஓநாய் குனிந்து அவற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது என்றான்; மரங்கொத்தி ஒன்று வாயில் எதையோ கொண்டுவந்து ஊட்டியது என்றான். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. அவன் அந்த இரண்டையும் சுற்றியிருந்த துணியைத்தான் பார்த்தாள். அது அவள் பிள்ளைக்கென்று நெய்து வைத்திருந்த துணி. புதைத்தபோது பிள்ளைமேல் இருந்து எடுத்துப் பட்டியில் வைத்திருந்த துணி. அவளுக்குப் புரிந்துவிட்டது. குட்டியை இழந்த தாயாடு வேறொரு குட்டியைச் சேர்க்காது. முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளிவிடும். அதற்காக மேய்ப்பர்கள் இறந்த குட்டியின் தோலை உரித்து, தாயற்ற குட்டியின்மேல் சட்டைபோல் மாட்டி விடுவார்கள். தாய் முகரும், தன் வாசனை தெரியும், பால் கொடுக்கும். ஆட்டுக்குச் செய்வதை இந்த மனிதன் எனக்குச் செய்கிறான் என்று நினைத்தாள். ஆடு ஏமாந்து கொடுக்கும். அவள் ஏமாறவில்லை. தெரிந்தே மார்பைத் திறந்தாள். அவன் இரண்டையும் முறைப்படி தரையில் கிடத்தி, ஓர் அடி பின்னால் போய், மறுபடி வந்து குனிந்து எடுத்தான். எடுத்துவிட்டு, நீயும் தூக்கு, என்றான். பெண்கள் தூக்கும் வழக்கம் அங்கே இல்லை. அவள் தூக்கினாள்.

வெளியே அத்திமரத்தில் மரங்கொத்தி தட்டியது. டொக், டொக், டொக். அது மார்ஸ் தெய்வத்தின் பறவை. போருக்கு அதிபதி, ஈட்டி ஏந்தியவன். அவன்தான் இந்தப் பிள்ளைகளின் தகப்பன் என்று ஆல்பாவில் ஒரு பேச்சு இருந்ததை ஃபாஸ்டுலஸ் அப்போதே கேட்டு வந்திருந்தான். நியூமிட்டர்தான் முறையான அரசர். அவருடைய தம்பி அமூலியஸ் அவரைத் தள்ளிவிட்டு அரியணை ஏறினான். அண்ணனுக்குப் பேரன் பிறந்துவிடக் கூடாது என்று அவருடைய மகள் ரியா சில்வியாவை, மணமே கூடாத பூசாரிணியாக்கி, அணையா நெருப்புக்குக் காவல் வைத்தான். நெருப்புக்குக் காவல் வைக்கலாம்; தெய்வத்துக்குத் தாழ்ப்பாள் போட முடியுமா? தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மார்ஸ் வந்தான். இரட்டைப் பிள்ளைகள். பிள்ளைகளை ஆற்றில் எறி, தாயை இருட்டறையில் அடை என்று அமூலியஸ் உத்தரவு போட்டான். மார்ஸ் அப்போது எங்கே போயிருந்தான்? ஈட்டி இருந்ததே கையில், ஓங்கக் கூடாதா? ஓநாயை அனுப்பினான், பறவையை அனுப்பினான்; தான் வந்து குனிந்து எடுக்கவில்லையே. தூக்காத தகப்பன் தகப்பனா? டொக், டொக். சாமி, மன்னித்துக்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை, கூழ்தான் துழாவுகிறேன் என்று உதட்டுக்குள் சொல்லி, துடுப்பை வேகமாகச் சுழற்றினாள்.

கம்பளி கத்தரிக்கும் காலத்தில் கடற்கரையிலிருந்து ஓர் உப்பு வியாபாரி வருவான். உப்பை விடக் கதையை அதிகம் அளப்பான். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், உலகத்தில் பாதித் தெய்வமாகப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது. இதோ இந்தப் பள்ளத்தாக்கிலேயே மாடு ஓட்டி வந்து, குகைக்குள்ளிருந்த அரக்கனைக் கொன்றானே ஹெர்குலிஸ், அவனும் அப்படித்தான். ஜூபிடர் அவனுடைய தாயிடம் கணவன் உருவத்தில் வந்தானாம். பிறகு கணவனும் வந்தானாம். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, ஒன்று தெய்வத்தின் பிள்ளை, ஒன்று மனிதனின் பிள்ளை. தொட்டிலில் பாம்பு ஏறியது. ஒருவன் பாம்பை நெரித்துக் கொன்றான், இன்னொருவன் வீறிட்டு அழுதான். "அழுத பிள்ளைக்கு என்ன பேரு?" என்று அவள் கேட்டாள். "அது யாருக்கு ஞாபகம் இருக்கு தாயி? அழுதவன் கதைய சொன்னா எவ உப்பு வாங்குவா?" என்று வியாபாரி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு பேர் தலையையும் மாறி மாறித் தடவினாள். ஈனியஸ் கதையும் அவன்தான் சொன்னான்: வீனஸ் தேவதை பெற்ற பிள்ளை, ஊர் பற்றி எரிந்தபோது, கால் விளங்காத மனிதத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தானாம். அந்த ஈனியஸின் வம்சம்தான் ஆல்பா அரசர்கள். அப்படியென்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தாய் வழியிலும் தெய்வம், தகப்பன் வழியிலும் தெய்வம். இந்தப் பக்கமும் தெய்வம், அந்தப் பக்கமும் தெய்வம். நடுவில், துடுப்பும் கையுமாக, நான் எங்கே நிற்பது? பாதித் தெய்வம், பாதித் தெய்வம் என்கிறார்களே, மீதிப் பாதி என்ன என்று யாராவது ஒருவன் கேட்டிருக்கிறானா? மீதிப் பாதிக்குத்தான் பசிக்கும். மீதிப் பாதிக்குத்தான் சளி பிடிக்கும். மீதிப் பாதிதான் இருட்டைக் கண்டு அம்மா என்று கத்தும்.

அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. இனிப்புக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. தொட்டி ஆல்பாவுக்குப் போனால் பிள்ளைகள் அரண்மனைக்குப் போவார்கள். அங்கே அவர்களுக்கு வாளும் வேல்வீரர்களும் கிடைக்கும். சின்ன வயதில் ஒருநாள், மழை விட்ட சேற்றில், ரோமுலஸ் ஒரு குச்சியால் நீளமாகக் கோடு கிழித்தான். இது என் ஊர், எவனும் தாண்டக் கூடாது, என்றான். ரீமஸ் சிரித்துக்கொண்டே ஒரே தாவலில் தாண்டினான். ரோமுலஸ் அவனைத் தள்ளிய தள்ளில் நெற்றி கல்லில் மோதி ரத்தம் வந்தது. அவள் ஓடிவந்து, இரண்டு முதுகிலும் ஆளுக்கொன்று வைத்து, அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். போய்க் கூழ் குடிங்கடா, என்றாள். குடித்தார்கள். நாளைக்கு அரசகுமாரர்கள் கோடு கிழித்தால், அதை அழிக்க யாருடைய கால் அங்கே இருக்கும்? இங்கேயே இருக்கட்டும். சேற்றிலேயே இருக்கட்டும். ஆனால் இங்கே இருப்பது ஒருவன்தானே, மற்றவன் கட்டப்பட்டுக் கிடக்கிறானே என்று மனம் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே முள்ளில் மாட்டிக்கொண்டது.

இன்னொரு பயமும் இருந்தது. அதைத்தான் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. தொட்டியைச் சுற்றி வெண்கலப் பட்டை அடித்திருந்தது. பட்டையில் அரண்மனை முத்திரை இருந்தது. இருந்தது. மாவு பிசைந்து முடித்து ஆற்றங்கரையில் தொட்டியைக் கழுவும்போதெல்லாம் அவள் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்ப்பாள். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட நாட்களில் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். தேய்ப்பது அழுக்கை என்று சொல்லிக்கொண்டாள். அழிந்தது முத்திரை. இப்போது அங்கே தடவினால் வழவழப்புத்தான். முத்திரை இல்லாத தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இந்த மனிதன் நியூமிட்டர் வாசலில் நின்றால், பொய்யன் என்று அவனையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஆக, ஒளித்தது நல்லதுதான். புருஷனைக் காப்பாற்றத்தான் ஒளித்தேன். அப்படியா? அப்படியென்றால் ஏன் அவனிடம் சொல்லவில்லை? இருட்டறையில் ஒருத்தி இருக்கிறாளே. இந்தப் பட்டையை நான் தேய்த்த ஒவ்வொரு முறையும் தேய்ந்தது அவளல்லவா? அவளுக்கும் பால் கட்டியிருக்கும். அவளுக்குத் தோல் போர்த்திய குட்டி எதையும் யாரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பால் எங்கே போயிருக்கும்? கல்தரையிலா? லாரென்ஷியாவின் கை தன் மார்பைத் தொட்டது. பால் வற்றி எவ்வளவோ காலமாகியும் அங்கே ஏதோ வலித்தது.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு ரோமுலஸ் உள்ளே வந்தான். கையில் ஒரு முனை தீய்த்த கம்பு. கண்கள் சிவந்திருந்தன. அவள் அவசரமாகக் கலயத்தில் கூழை ஊற்றினாள். ஊற்றிய கையோடு அடுத்த கலயத்திலும் ஊற்றினாள்.

"ரெண்டு எதுக்கும்மா?"

அவள் இரண்டாவது கலயத்தைப் பார்த்தாள். அவன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"உப்பே இல்ல. அவன் இல்லேன்னா எனக்கு உப்புகூடக் கிடையாதா?"

"மாடத்துல இருக்கு. எடுத்துப் போட்டுக்க."

"நீ எந்திரிச்சு எடுத்துக் குடு."

"உனக்குக் கையில்லையா?"

"என்னைக்கும் இல்லாத அதிசயமா இருக்கு. கூப்பிட்டா கூரைக்கும் தாவுற பொம்பள, உக்காந்த இடத்துலயே வேரு விட்டுருச்சா?" அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. கலயத்தைக் கீழே வைத்தான். "பசங்களச் சேத்துட்டேம்மா. இருட்டினதும் போறோம். ஆல்பா கதவ உடைக்கிறோம்."

"கம்ப வெச்சுக்கிட்டா? அவங்க ஈட்டி வெச்சிருக்காங்கடா."

"வெச்சிருக்கட்டும்."

"குத்திடுவாங்க."

"குத்தட்டும். என்ன செய்யச் சொல்ற? அவன அங்க விட்டுட்டு நான் இங்க கூழு குடிக்கட்டுமா?" அவன் கம்பைத் தரையில் குத்தினான். "நீயா இருந்தா விட்டுருவியாம்மா? சொல்லு. விட்டுருவியா?"

விட்டுருவியா. அந்தச் சொல் அவளுக்குள் விழுந்து, விழுந்துகொண்டே இருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே கூழைப் பார்த்தாள், நெருப்பைப் பார்த்தாள், மகனுடைய காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். சேற்றுக்கு அடியில் நெருஞ்சி கீறிய கீறல். எண்ணெய் தடவ வேண்டும். இருட்டினால் இந்தக் கால் ஆல்பாவுக்கு ஓடும். ஒருவனைக் காப்பாற்ற நான் எழுந்திருக்கவில்லை, இப்போது இரண்டு பேரும் போகிறார்கள். யாரை நான் என்னோடு வைத்துக்கொள்ளப் போகிறேன்? தொட்டியை மட்டுமா? அப்போதுதான் அந்தத் தாயாட்டின் நினைவு மீண்டும் வந்தது; இந்த முறை முழுதாக வந்தது. தோல் போர்த்திய குட்டியை மேய்ப்பன் அப்படியே விட்டுவிட மாட்டான். சில நாள் போனதும் அந்தத் தோல் நாற ஆரம்பிக்கும், ஈ மொய்க்கும், விட்டால் குட்டியின் உடம்பும் சேர்ந்து அழுகும். அதனால் கழற்றிவிட வேண்டும். புது மருமகளாக வந்த வருடம் அவள் பயந்துபோய்க் கேட்டாள், கழற்றினால் தாய் தள்ளிவிடாதா என்று. ஃபாஸ்டுலஸ் கத்தியால் நூலை அறுத்துத் தோலை உருவி எறிந்தான். குட்டி தன் சொந்த நிறத்தில், தன் சொந்த வாசனையில், வெடவெடத்து நின்றது. தாயாடு முகர்ந்தது. நெடுநேரம் முகர்ந்தது. பிறகு நகர்ந்து, காலை அகட்டி, மடியைக் கொடுத்தது. குட்டி குடித்துக் குடித்து அதன் பாலே குட்டியின் வாசனை ஆகிவிட்டிருந்தது. ஆடு அறிந்ததை நான் அறியாமல் போனேனே. எத்தனை காலமாக இந்தத் தோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது, நான் மேலே வாசனை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லாரென்ஷியா எழுந்தாள்.

கால்கள் மரத்துப்போயிருந்தன. ஆட்டுத்தோல் தானாகச் சரிந்தது. வாசலில் வைக்கோல் ஒட்டிய தலையோடு வந்து நின்ற ஃபாஸ்டுலஸ் தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இது மேலயா உக்காந்திருந்த?"

"ஆமா."

"விடிஞ்சதுலேந்தா?"

"ஆமாய்யா. திட்டணும்னா அப்புறம் திட்டு. முத்திரையத் தேச்சே அழிச்சுட்டேன். பட்டையில ஒண்ணுமே இல்ல. இதக் கொண்டுபோனா ஒன்னையும் கொன்னுடுவாங்க. என்ன செய்யறதுன்னு தெரியல. ஆனா கொண்டுபோ. கொண்டுபோய்யா."

அவன் திட்டவில்லை. "தேச்சது எனக்குத் தெரியும்டி. நீ தேய்க்கற சத்தம் ஆத்தங்கரையில கெளம்புனா குன்று உச்சியில கேக்கும். மாவுத் தொட்டிய எவளாவது அந்தத் தேய் தேய்ப்பாளா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்தான். "முத்திரையப் பாத்துட்டா நான் பிள்ளைங்களத் தூக்கினேன்?" தொட்டியைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினான். அங்கே பலகையில் ஒரு விரிசல். விரிசல் நெடுக, தண்ணீர் புகாமல் படகுக்குப் பூசும் கீல் கறுப்பாகப் பூசியிருந்தது. கீலின் நடுவே, இறுகிப்போய், ஒரு கட்டைவிரல் பதிவு. "ஆத்துல எறின்னு ராசா சொன்னதும், எறியப் போனவன் வெச்ச விரலு இது. கொல்லச் சொன்ன பிள்ளைங்க நனைஞ்சிடக் கூடாதுன்னு கீல் பூசி மிதக்க விட்டிருக்கான். கிழவனாயிட்டான். இன்னும் ஆல்பா வாசல்ல காவல் நிக்கறான். ஒரு திருவிழாக் குடியில என் தோள்ல சாஞ்சு அழுதிருக்கான். அவன் விரல அவன் மறப்பானா?"

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றான் ரோமுலஸ். "எந்தப் பிள்ளைங்க?"

லாரென்ஷியா அவன் முன்னால் வந்து நின்றாள். அவனுடைய உயரத்துக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தான்? சொல்ல வேண்டியதை ஆயிரம் விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள், வந்தது ஒன்றுதான். "உன்ன நான் பெறலடா." பிறகு தடையில்லாமல் சொன்னாள். ஆற்றையும் ஓநாயையும் சொன்னாள். மார்ஸின் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரீமஸைக் கட்டி வைத்திருக்கும் நியூமிட்டர் அவனுடைய சொந்தத் தாத்தா என்பதைச் சொன்னாள். இருட்டறையில் இருப்பவளின் பெயரை மட்டும், கோவிலில் சொல்வதுபோல், இரண்டு முறை சொன்னாள். மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியிருந்தது. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான், அவற்றில் ஏதேனும் மாறிவிட்டதா என்பதுபோல. தெய்வத்தின் கைகள். நகத்தில் ஆட்டுச்சாணம்.

"அந்தம்மா உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. இருட்டுல."

"ரீமஸுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

அவன் மெதுவாகக் குனிந்தான். தொட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்து, தூங்கும் எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல், தரையிலிருந்து தூக்கினான். நெஞ்சுயரம் தூக்கியபோது அவனுடைய விரல்கள் விளிம்பின் பள்ளங்களில் பட்டன, தடவிப் பார்த்தான், என்னவென்று கேட்கவில்லை. "அப்பா, குனி," என்றான். ஃபாஸ்டுலஸ் உடனே குனியவில்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை நின்றான். பிறகு முதுகைக் கொடுத்தான். மகன் தொட்டியை அதில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, மேலே போர்வையை மூடினான்.

"நீ பெரிய பாதையில போ. நான் பசங்களோட காட்டு வழியா உன் பின்னாலயே வரேன்," என்றான். வாசலைத் தாண்டியவன் திரும்பி, "அம்மா, ரீமஸ் கலயத்த மூடி வை. ஆறிடப் போவுது," என்றான்.

அவள் மூடி வைத்தாள். மூடிவிட்டு வெளியே ஓடினாள். அத்திமரம்வரை ஓடி, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், அவங்களப் பாத்தா சொல்லு! அந்தம்மாகிட்ட சொல்லு! பிள்ளைங்க நனையவே இல்லேன்னு சொல்லு!" ஃபாஸ்டுலஸ் நின்று திரும்பினான். "நிக்காத! போ! வெயில் ஏறதுக்குள்ள போ! நாளைக்கில்ல, இன்னைக்கே!"

கேட்டுக்கொண்டிருப்பவரே, உங்களைத் தரையிலிருந்து எடுத்த கை ஒன்று எங்கோ காத்திருக்கலாம்; நீங்கள் எடுத்து வளர்த்த ஒன்றுக்கு நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கும் உண்மையும் இருக்கலாம். எதுவாயினும், அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே அன்பென்னும் தோலை விரித்து, அதன்மேல் அமர்ந்திருக்காதீர்கள். எழுந்திருங்கள். அதைத் தூக்கி உரியவரிடம் கொண்டு சேருங்கள். கால் மரத்திருந்தாலும் இன்றே எழுந்திருங்கள். அடுப்பில் இருப்பது ஆறுவதற்குள் எழுந்திருங்கள்.